வெள்ளத்தைச் சிறு பிள்ளைகளுக்குக் கையால் செய்து புரியவைப்பது எப்படி?

கேள்வி: சாட்ஸ்வொர்த் ஞாயிறு வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். 7 முதல் 11 வயது வரையுள்ள 18 பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம்தான் என்பதால், எழுத்தோடும் பாட்டோடும் நிறுத்திவிடாமல், ஏதாவது ஒன்றைக் கையால் செய்துகொண்டே தமிழில் பேசவைப்பது என் வழக்கம். கோலம் போட்டிருக்கிறோம், கொழுக்கட்டை பிடித்திருக்கிறோம், விதை ஊன்றி முளைப்பதைப் பார்த்திருக்கிறோம்.

சென்ற மாதம் வகுப்பின் நடுவே மழை பிடித்துக்கொண்டது. 9 வயதுச் சிறுமி ஒருத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு, "டீச்சர், அன்றைக்கு எங்கள் வீட்டுப் பின்சுவர் இடிந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுச் சுவர் மட்டும் ஏன் இடியவில்லை?" என்று கேட்டாள். "அன்றைக்கு" என்றால் எது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. 2022 ஏப்ரல் 11, 12 ஆகிய அந்த இரண்டு நாட்கள்தான். சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய அந்த மழையில் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 600க்கும் மேற்பட்ட பள்ளிகள் சேதமடைந்தன. அவள் அப்போது மிகவும் சிறியவள். தானே கண்டது எது, பிறகு வீட்டில் கேட்டது எது என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு தட்டில் மணலைக் குவித்து, அட்டை வீடுகளை அடுக்கி, மேலே இருந்து ஒரு சொம்பு நீரை ஊற்றிக் காட்டினேன். வீடுகள் சரிந்தன. பிள்ளைகள் கைதட்டி, "இன்னொரு தடவை, டீச்சர்!" என்றார்கள். அந்தச் சிறுமி மட்டும் சுவரோரம் தள்ளிப்போய் நின்றுகொண்டாள். நான் காட்டியது விளையாட்டாகப் போய்விட்டது. அவள் கேட்டதற்கு அதில் பதிலும் இல்லை.

பள்ளிப் பாடத்திட்டத்தில் வெள்ளம் 7ஆம் வகுப்பில்தான், எரிமலை, நிலநடுக்கம் ஆகியவற்றோடு சேர்ந்து வருகிறது. அதுவரை இவர்களைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. வகுப்பறையில் செய்யக்கூடிய, அதிகச் செலவில்லாத, பிள்ளைகள் தாமே அளந்தும் பார்த்தும் புரிந்துகொள்ளக்கூடிய செயல்பாடுகளை யாரேனும் செய்து பார்த்திருந்தால் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற வாத்தியார், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வணக்கம் அம்மா. நான் தொடக்கப் பள்ளியில் 31 ஆண்டுகள் இருந்தவன். நீங்கள் செய்ததில் ஒன்றுதான் குறை: பிள்ளைகள் அதில் பார்க்க மட்டும் செய்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. ஒரு தட்டை வைத்தால் அது வேடிக்கை. மூன்று தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் "இது ஏன் அப்படி இல்லை?" என்ற கேள்வி தானாகப் பிறக்கும். உங்கள் சிறுமி கேட்டதும் அதே வகைக் கேள்விதானே.

நான் செய்துவந்த முறையைச் சொல்கிறேன். ஒரே அளவுள்ள மூன்று நீளத் தட்டுகள் வேண்டும்; பழைய அடுப்புத் தட்டுகள் போதும். ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் ஒரு வாய் வெட்டிக்கொள்ளுங்கள், அல்லது துளை போட்டுக்கொள்ளுங்கள். முதல் தட்டில் வேரோடு பெயர்த்த புல்திட்டு. இரண்டாவதில் வெறும் மண். மூன்றாவதில் ஒரு தரை ஓடு, அல்லது தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. அதுதான் நம் சிமென்ட் முற்றமும் தார்ச்சாலையும். மூன்றின் மேல்முனையிலும் ஒரே தடிமனுள்ள புத்தகத்தை அடியில் வைத்துச் சரிவாக்குங்கள். கீழ்முனையில் ஆளுக்கொரு கண்ணாடிச் சாடி. மூடியில் ஆணியால் துளையிட்ட ஒரு லிட்டர் பாட்டில்தான் மழை. மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில், ஒரே உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும்; நான்காவது பிள்ளை நேரம் பார்க்க வேண்டும்.

இனி நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். ஓட்டுத் தட்டின் சாடியில் நீர் உடனே விழத் தொடங்கும். மண் தட்டில் சற்றுத் தாமதித்து, கலங்கிச் சிவந்து இறங்கும். புல் தட்டிலோ நெடுநேரம் ஒன்றும் வராது, பிறகு தெளிந்த நீர் சொட்டும். இரண்டு நிமிடம் கழித்துச் சாடிகளை வரிசையாக வைத்து அளவுகோலால் அளந்து எழுதச் சொல்லுங்கள். எந்தச் சாடியில் அதிகம், எந்தச் சாடியில் சேறு என்ற இரண்டையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஆனால் பாடத்தின் உயிர் இரண்டாம் சுற்றில்தான் இருக்கிறது. பலர் முதல் சுற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். நனைந்த அதே தட்டுகளில், எதையும் மாற்றாமல், இன்னொரு லிட்டர் ஊற்றுங்கள். இந்த முறை புல் தட்டிலிருந்தும் நீர் முன்பைவிட விரைவாக, அதிகமாக வழியும். ஏற்கெனவே ஊறிப்போன நிலம் புதிய மழையை வாங்காது என்பதை அந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தில் பார்க்கலாம். புல் இருந்தால் வெள்ளமே வராது என்று பொய்யாகச் சொல்லிக்கொடுத்த குற்றமும் நமக்கு நேராது.

தமிழ் வகுப்பு என்பதால் இன்னொன்று சொல்கிறேன். பெயர்ச்சொற்களைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கலாம். வினைச்சொற்கள் கையில் நடந்தால்தான் ஒட்டும். நீர் ஊறுகிறது, வழிகிறது, வடிகிறது, தேங்குகிறது, மண்ணை அரிக்கிறது: ஐந்தும் இந்த மூன்று தட்டுகளில் நடக்கின்றன. எது நடக்கிறதோ அந்தச் சொல் எழுதிய அட்டையை அந்தத் தட்டின் அருகே வைக்கச் சொல்லுங்கள்.

அளவு பற்றியும் ஒரு செயல்பாடு உண்டு. 300 மில்லிமீட்டர் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு அது அளவுகோல் நீளம். அதில் அச்சமும் இல்லை, வியப்பும் இல்லை. முற்றத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போடுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் அந்தச் சதுரத்தில் ஒரு லிட்டர். ஆகவே 300 மில்லிமீட்டர் என்பது 300 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளியில் 15 வாளி. நீரை வீணாக்க வேண்டியதில்லை. ஒரு வாளியை நிரப்பி, ஒவ்வொருவராகச் சதுரத்துக்குத் தூக்கி வந்து, வைத்துவிட்டு, திரும்ப எடுத்துச் செல்லட்டும். 15 முறை எண்ணி முடிப்பதற்குள் கை வலிக்கும். பிறகு 50 சதுர மீட்டர் கூரையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்: 15,000 லிட்டர். கூரைநீர் பிடிக்க வீட்டருகே வைக்கும் 5,000 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டி மூன்று நிரம்பும், ஒரே வீட்டுக் கூரையிலிருந்து. டர்பனில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையே ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர்தான் என்பதையும் அப்போது சொல்லுங்கள். அதற்கு முன்னால் சொல்ல வேண்டாம்.

பதில்: இரண்டு பிள்ளைகளின் தாய், டொங்காட்

வாத்தியார் ஐயா எழுதியது அருமை. என் பிள்ளைகளோடு செய்து பார்க்கப் போகிறேன். ஆனால் டீச்சரிடம் ஒரு தாயாக ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தயவுசெய்து இனிமேல் வீடுகளை மூழ்கடித்துக் காட்டாதீர்கள். சுவரோரம் தள்ளி நின்ற அந்தச் சிறுமியை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என் மூத்தவனுக்கு இன்னமும் கூரையில் மழைச் சத்தம் பலமாகக் கேட்டால் தூக்கம் வருவதில்லை. காலணியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் படுக்கிறான். அவனுடைய வகுப்பில் ஒருமுறை பொம்மை வீடுகளை நீரில் தள்ளிவிட்டு, எது நிற்கிறது பார்ப்போம் என்று போட்டி வைத்தார்களாம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லை. மாதிரியில் வீடு இருக்கட்டும், அது விழக்கூடாது. நீர் வருமுன் அந்த வீட்டை எங்கே வைக்கலாம், எந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்வதாக இருக்க வேண்டும். பிள்ளையின் கையில் செய்வதற்கு ஏதாவது இருந்தால் அச்சம் சற்றுத் தணியும்.

விலகியிருக்க விரும்பும் பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுங்கள். நேரம் பார்ப்பது, அளவு எழுதுவது போன்ற வேலைகளில் அவர்கள் நீருக்கு அருகே வராமலே பங்கெடுக்கலாம்.

வெள்ளம் வடிந்தபின் என்ன நடக்கிறது என்பதையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் ஊரில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அந்த வெள்ளத்தில் சேதமடைந்ததால், பல மாதங்கள் குழாயில் நீர் வரவில்லை. ஊரெல்லாம் நீர் புகுந்த பிறகு குடிக்க நீரில்லை என்பது பிள்ளைகளுக்கு விளங்காத புதிர். ஒரு சாடிச் சேற்று நீரைத் துணி, மணல், கூழாங்கல் அடுக்கிய புனலில் ஊற்றி வடிகட்டிப் பார்க்கட்டும். தெளிந்து வரும். தெளிந்தாலும் அது குடிநீர் ஆகாது, கிருமி கண்ணுக்குத் தெரியாது, கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் யாராவது ஒரு வாய் குடித்துப் பார்த்துவிடுவார்கள்.

பதில்: மண்ணும் சுவரும், டர்பன்

நான் கட்டுமானப் பொறியாளர். அந்தச் சிறுமியின் கேள்விதான் இந்த உரையாடலிலேயே மிகச் சிறந்தது, அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அந்த வீட்டைப் பார்க்காமல் காரணம் இதுதான் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அடித்தளம் ஆழம் போதாமல் இருந்திருக்கலாம். மேல்வீட்டுக் கூரைநீர் முழுவதும் அந்த ஓர் இடத்தில் வந்து விழுந்திருக்கலாம். ஆனால் நம் பகுதியில், மேட்டை வெட்டிச் சமன் செய்து கட்டிய வீடுகளுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர்கள் இடிவதற்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. சுவரின் பின்னால் நீர் தேங்குகிறது. நனைந்த மண் உலர்ந்த மண்ணைவிடக் கனம். அதோடு தேங்கிய நீரும் தன் பங்குக்குச் சுவரைத் தள்ளுகிறது. சுவரில் நீர் வெளியேறும் துளைகள் இருந்தால் அந்தத் தள்ளு குறைகிறது. பெரிய மழைக்குப் பிறகு ஒரே தெருவில் ஒரு சுவர் நிற்பதற்கும் ஒரு சுவர் சாய்வதற்கும் பல நேரங்களில் இந்தச் சிறிய துளைகளே காரணம்.

இதைச் செய்து காட்டலாம். 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாக்கள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மூடியையும் டப்பாவின் அகலத்துக்கு வெட்டி, நடுவில் சுவர்போல் நிறுத்தி, அடியில் மட்டும் களிமண்ணால் பிடிப்புக் கொடுங்கள். ஒரு சுவரில் மட்டும், கீழ்ப்பக்கமாக, சூடாக்கிய ஊசியால் ஐந்தாறு துளைகள் போடுங்கள். அந்த வேலையை நீங்களே செய்யுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். துளையுள்ள சுவரின் பின்னால் முதலில் ஒரு துண்டுத் துணி, பிறகு ஒரு விரல் தடிப்பில் கூழாங்கல், அதன் பின்னால் மண். மற்றதில் நேரடியாக மண். இரண்டிலும் சுவரின் முக்கால் உயரத்துக்கு மண் போட்டுக் கையால் அழுத்தி, பின்பக்கத்தில் அரை டம்ளர் அரை டம்ளராக நீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள்.

துளையுள்ள சுவரின் முன்னால் சொட்டுச் சொட்டாக நீர் வந்துகொண்டிருக்கும். துளையில்லாத சுவரின் முன்னால் ஒன்றுமே வராது. பிள்ளைகள் அதுதான் நல்ல சுவர் என்பார்கள். சற்று நேரத்தில் அதன் வயிறு முன்பக்கம் உப்பும். பிறகு அடிக் களிமண் விட்டுக்கொடுத்து, சுவர் மெதுவாகச் சாயும். கசியும் சுவர்தான் பாதுகாப்பான சுவர் என்பதைச் சொல்லால் விளக்கினால் பெரியவர்களே நம்ப மறுக்கிறார்கள். பார்த்தால் பிள்ளைகளும் நம்புவார்கள். களிமண்ணின் பிடி அதிகமானால் சுவர் சாயாது, குறைந்தால் உடனே விழும். ஆகவே வகுப்புக்கு முந்தைய நாள் வீட்டில் இரண்டு முறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள். தாய் ஒருவர் மேலே எழுதியதை மதிக்கிறேன். இங்கே வீடு எதையும் வைக்க வேண்டாம், சுவர் மட்டும் போதும்.

மண்ணையும் பார்த்து எடுங்கள். டர்பன் கடலோர மேடுகளில் உள்ள செந்நிற மணலை நாங்கள் பெரியா செம்மணல் என்போம். உலர்ந்திருக்கும்போது கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்தாக நிற்கும். நனைந்து, மேலே புல்லும் இல்லையென்றால், கரைந்து ஓடும். 2022இல் சரிந்த சரிவுகளில் பல இந்த மண்தான். ஒரு பிடி உலர்ந்த செம்மணலை லேசாக நனைத்து உருண்டையாகப் பிடித்துத் தட்டில் வைத்து, மேலே துளித்துளியாக நீர் விட்டால், எந்தத் துளியில் உருண்டை உட்காருகிறது என்று பிள்ளைகள் எண்ணலாம்.

பதில்: உம்கேனிக்கரை

எல்லாரும் மண்ணையும் நீரையும் சொன்னார்கள். நான் இடத்தைச் சொல்கிறேன். உம்பிலோ ஸ்ரீ அம்பலவாணர் ஆலயம் 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்தது; 1905 வெள்ளத்தில் அழிந்தது; இப்போது பெல்லேர் சாலையில் நாம் கும்பிடும் கோயில் 1947இல் கட்டப்பட்டது. ஒரு தாளில் ஆற்றை வரைந்து, கோயிலை முதலில் எங்கே கட்டினார்கள், ஏன் அங்கே கட்டினார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். நீருக்கு அருகில் இருந்தால் நல்லது என்பதும், நீருக்கு மிக அருகில் இருந்தால் ஆபத்து என்பதும் ஒரே படத்தில் வந்துவிடும்.

அதே ஞாயிறு வகுப்பில் 1917 அக்டோபர் 28ஐயும் சொல்லுங்கள். டர்பனின் ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தில், டின்டவுன் என்று அழைக்கப்பட்ட தகரக் குடிசைகளில், காய்கறி பயிரிட்டு வாழ்ந்த நம் மக்களின் மீது உம்கேனி ஆறு புரண்டு வந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மாரிமுத்து படவட்டான் தலைமையில் ஆறு கரைவலை மீனவர்கள் படகை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அந்த நீருக்குள் போய் 170க்கும் மேற்பட்டோரைக் கரை சேர்த்தார்கள். என் தாத்தா இந்தக் கதையைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அச்சப்படும் பிள்ளைக்கு அந்தப் படகைச் செய்யக் கொடுங்கள்: காகிதத்தட்டில் படகு, கூழாங்கற்களே ஆட்கள்; எத்தனை பேர் ஏறினால் படகு தாழ்கிறது, எத்தனை முறை போய்வர வேண்டும் என்று எண்ணட்டும்.

பதில்: போர்ட் லூயிஸ் ஆசிரியை, மொரீஷியஸ்

சகோதரிக்கு மொரீஷியஸிலிருந்து வணக்கம். இங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே தமிழ் ஒரு பாடமாக உள்ளது. அதில்தான் நான் இதைச் செய்கிறேன். 2013 மார்ச் 30 அன்று இரண்டு மணி நேரத்துக்குள் 152 மில்லிமீட்டர் மழை பெய்து எங்கள் தலைநகரில் 11 பேர் இறந்தார்கள். அவர்களில் சிலர் நெடுஞ்சாலைக்கு அடியில் உள்ள சுரங்கப்பாதையிலும், சிலர் கட்டடத்தின் நிலவறையிலும் சிக்கியவர்கள். ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு முதல் பாடம், மழையில் கீழே இறங்காதே, மேலே ஏறு என்பதுதான். வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் தெருவை வரைந்து, படிக்கட்டு, சுரங்கப்பாதை, பாலம், மேட்டுத் தெரு ஆகியவற்றைக் குறித்து, மணி அடித்தவுடன் எந்தப் பக்கம் நடப்பது என்று நடந்து பழகுகிறோம். ஓடும் நீர் கணுக்காலுக்குச் சற்று மேலே, 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவர்களையும் தடுமாற வைக்கும் என்பதைக் காலில் நூல் கட்டி அடையாளம் வைத்துக் காட்டுகிறேன்.

வாத்தியார் ஐயாவின் ஓட்டுத் தட்டின் வாயில் இரண்டு மிட்டாய்த் தாள்களையும் காய்ந்த இலைகளையும் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு என் வகுப்பில் யாரும் வடிகாலில் குப்பை போடுவதில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் போடுகிறவனை மற்றவர்கள் தடுக்கிறார்கள்.

கேட்டவர்: சாட்ஸ்வொர்த் ஞாயிறு வகுப்பு

மூன்று ஞாயிறுகள் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி.

முதல் ஞாயிறு மூன்று தட்டுகள். இரண்டாம் சுற்றில் புல் தட்டிலிருந்து நீர் வழிந்தபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. 8 வயதுப் பையன் ஒருவன், "புல்லுக்கு வயிறு நிறைஞ்சு போச்சு" என்றான். அந்த வாக்கியத்தை அப்படியே கரும்பலகையில் எழுதிவிட்டேன். "தேங்குகிறது" என்ற சொல் இன்னமும் "தூங்குகிறது" ஆகிறது. அதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் ஞாயிறு சுவர்கள். அந்தச் சிறுமியை நேரம் பார்க்கும் வேலைக்கு அமர்த்தியிருந்தேன். எட்டாவது அரை டம்ளரில் துளையில்லாத சுவர் உப்பத் தொடங்கியதும், அவள் கடிகாரத்தை வைத்துவிட்டு அருகே வந்து, குனிந்து, இரண்டு சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதற்கு மூச்சு விட இடமில்லை, டீச்சர்" என்றாள். பொறியாளர் சொன்னபடி, உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் ஞாயிறு படகு செய்தோம். ஆனால் அவள் வந்தது வேறு செய்தியோடு. புதிதாகக் கட்டிய பின்சுவரில் ஆறு துளைகள் இருக்கின்றனவாம், எண்ணிப் பார்த்திருக்கிறாள். அவற்றில் இரண்டில் மண்ணும் புல்வேரும் அடைத்திருக்க, அவளும் அப்பாவும் கம்பியால் குத்திச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ஒன்றில் மட்டும் வேர் தடித்துவிட்டதாம், எடுக்க வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று உங்களிடம் கேட்கச் சொன்னாள், பொறியாளர் ஐயா.

பதில்: மண்ணும் சுவரும், டர்பன்

அவளிடம் சொல்லுங்கள்: அந்த வேரை இழுக்க வேண்டாம், இழுத்தால் துளையைச் சுற்றியுள்ள பூச்சு பெயரும். சுவரோடு சமமாக வேரை வெட்டிவிட்டு, மேலே அந்தச் செடி எங்கே நிற்கிறது என்று பார்த்து, சிறியதாக இருக்கும்போதே அதைப் பெயர்த்து வேறிடத்தில் நடச் சொல்லுங்கள். அது மரக்கன்றாக இருந்தால் சுவரிலிருந்து சில மீட்டராவது தள்ளி நட வேண்டும். அடுத்த நல்ல மழையின்போது, ஆறு துளைகளிலும் நீர் வருகிறதா என்று வீட்டுக்குள்ளிருந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும். ஒன்றில் மட்டும் வராவிட்டால் எந்தத் துளை என்று எழுதி அனுப்புங்கள். அந்த வாரம் நானே வந்து பார்க்கிறேன்.